18 வயதில் உதவி நிற்கும். காலேஜ் ஃபீஸ் அப்போதுதான் தொடங்கும்!

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் பாகூர் கொம்யூனில், செலியமேடு போன்ற ஊர்களில் பேச்செல்லாம் சென்டாக்தான். எந்தக் காலேஜ், எந்தப் பாடம், எவ்வளவு ஃபீஸ்? அப்பா மிலிட்டரியில் இருந்து வந்தவர் என்றால், போய்க் கேட்க ஓர் அலுவலகம் இருக்கிறது. அம்மா, அப்பா இருவரும் இல்லாமல் ஆயா வீட்டில் வளரும் பிள்ளை யாரிடம் கேட்கும்? அதற்கும் அரசு உதவி உண்டு. ஆனால், வழியில் ஒரு பள்ளம் இருக்கிறது.

முதலில் படைவீரர் குடும்பங்கள். முன்னாள் படைவீரர்களின் பிள்ளைகளுக்கான பிரதமர் கல்வி உதவித்தொகை 2006-07 முதல் நடக்கிறது. டெல்லியில் உள்ள கேந்திரிய சைனிக் போர்டு தருகிறது. பெண்ணுக்கு மாதம் 3,000 ரூபாய், பையனுக்கு 2,500 ரூபாய். ஆண்டுக்குப் புதிதாக 5,500 பேர், அதில் சரிபாதி பெண் பிள்ளைகள். பிளஸ் டூவில் 60 சதவீத மதிப்பெண் வேண்டும். முதலாம் ஆண்டிலேயே விண்ணப்பித்துவிட வேண்டும்.

பலர் கோட்டை விடுவது பாடப்பிரிவில். இது தொழிற்படிப்புக்கு மட்டுமே. பி.இ., எம்.பி.பி.எஸ்., பி.எட்., பி.பி.ஏ., பி.சி.ஏ. எல்லாம் உண்டு, பி.ஏ. வரலாறு எடுத்தால் கிடையாது. அந்தப் பிள்ளைக்கு வேறு ஒன்று இருக்கிறது. ஹவில்தார் பதவி வரை இருந்து வந்தவர்களின் இரண்டு பிள்ளைகளுக்கு, ஒன்றாம் வகுப்பிலிருந்து பட்டப்படிப்பு வரை தரப்படும் கல்வி மானியம். மாதம் 1,000 ரூபாயாக இருந்தது, 2025 நவம்பர் 1 முதல் வரும் விண்ணப்பங்களுக்கு 2,000 ஆகியிருக்கிறது.

ஊரில் சீருடை போட்ட எல்லோருமே ‘மிலிட்டரிக்காரர்’தான். அரசாங்கத்துக்கு அப்படி இல்லை. சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். குடும்பங்களுக்கு உள்துறை அமைச்சகம் அதே தொகையில் தனித்திட்டம் வைத்திருக்கிறது. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். புதுச்சேரிக்கே உரிய ‘சொல்தா’ குடும்பங்களுக்கு இரண்டுமே பொருந்தாது. பிரெஞ்சுப் படையில் இருந்தவர்களின் கணக்கு பாரிஸோடு!

போரில் உயிரிழந்த, ஊனமுற்ற, காணாமல்போன வீரர்களின் பிள்ளைகளுக்கு முதல் பட்டப்படிப்பு வரை கல்விக் கட்டணத்தைப் பாதுகாப்பு அமைச்சகமே ஏற்கிறது. 1971 போருக்குப் பிறகு வந்த சலுகை இது. 2017-ல் மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் கிடையாது என்று உச்சவரம்பு போட்டார்கள். பெரும் எதிர்ப்பு கிளம்பியது. 2018 மார்ச்சில் அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள்.

இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு பலம் உண்டு. அவர்களுடைய பெயரும் பிறந்த தேதியும் அப்பாவின் படைப்பதிவேட்டில் ஏறியிருக்கும். ஆயா வீட்டுப் பிள்ளைக்கு அப்படி ஒரு பதிவேடு இல்லை. ஊருக்கே தெரியும், அரசுக்குத் தெரியாது.

தெரியப்படுத்தினால் என்ன கிடைக்கும்? மத்திய அரசின் மிஷன் வத்சல்யா திட்டத்தில், பெற்றோரை இழந்து உறவினர் வீட்டில் வளரும் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. கிராமம் என்றால் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனு கொடுக்க வேண்டும்.

பள்ளம் இங்கேதான். பிள்ளைக்கு 18 வயது முடிந்தால் இந்தப் பணம் நின்றுவிடும். காலேஜ் ஃபீஸ் கட்டும் வயதும் அதுவே. குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்து வெளியே வருபவர்களுக்கு, 2015-ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின்படி ‘பிற்காப்பு’ உதவி உண்டு. அதுவும் மாதம் 4,000 ரூபாய்தான். 21 வயது வரை, தேவையைப் பொறுத்து 23 வரை நீளலாம். இல்லத்துக்கே போகாமல் ஆயா வீட்டில் வளர்ந்த பிள்ளை இதில் வராது. ஆயா பாசமாக வைத்துக்கொண்டதே பிள்ளைக்குக் குறையாகிவிடுவது எந்த ஊர் நியாயம்? அதற்காகப் பிள்ளையை இல்லத்தில் சேர்ப்பது வழியல்ல. விதியை மாற்றுவதுதான் வழி.

அதுவரை கைகொடுப்பது ‘ஸ்வநாத்’. தொழில்நுட்பக் கல்விக் குழுமமான ஏ.ஐ.சி.டி.இ. தரும் உதவித்தொகை. பெற்றோர் இருவரையும் இழந்தவர்கள், கொரோனாவில் ஒருவரையாவது இழந்தவர்கள், பணியில் வீரமரணம் அடைந்த படைவீரர்களின் பிள்ளைகள் மூவருமே விண்ணப்பிக்கலாம். ஆண்டுக்கு 50,000 ரூபாய். பட்டப்படிப்புக்கு நான்கு ஆண்டு, டிப்ளமோவுக்கு மூன்று ஆண்டு வரை. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் போதும். ஏ.ஐ.சி.டி.இ. அங்கீகாரம் பெற்ற கல்லூரியாக இருக்க வேண்டும். வேறு உதவித்தொகை வாங்கினால் இது கிடைக்காது. ஆகவே இரண்டுக்கும் தகுதியுள்ள வீரரின் மகள் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்: பிரதமர் உதவித்தொகை ஆண்டுக்கு 36,000, இது 50,000.

டி.வி.யில் பார்த்துவிட்டு ‘அன்புக்கரங்கள்’ பற்றிக் கேட்பவர்களும் இருக்கிறார்கள். பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு மாதம் 2,000 ரூபாய் தரும் அந்தத் திட்டம், 2025 செப்டம்பர் 15-ல் தமிழ்நாடு அரசு தொடங்கியது. செலியமேட்டுக்குக் கடலூர் பக்கம்தான். ஆனால், புதுச்சேரி ரேஷன் கார்டுக்கு அது கிடையாது.

எந்த உதவி கேட்டாலும் முதலில் கேட்பது பெற்றோரின் இறப்புச் சான்றிதழ். இறந்து ஒரு வருடத்துக்கு மேலாகியும் பதிவு செய்யவில்லை என்றால் மாஜிஸ்திரேட் உத்தரவு வாங்கித்தான் பதிய முடியும். அதற்கு மாதக்கணக்கில் அலைய நேரலாம். ஆதாரில் ஓர் இனிஷியல், மார்க் ஷீட்டில் ஓர் இனிஷியல் என்றால் அதையும் சரிசெய்ய வேண்டும். வருமானச் சான்றிதழுக்கு பாகூர் வட்டாட்சியர் அலுவலகம். வங்கிக் கணக்கு ஆயா பெயரில் இருந்தால் போதாது. பிள்ளையின் பெயரில், ஆதார் இணைத்து இருக்க வேண்டும்.

ஆகவே பிளஸ் டூ ரிசல்ட் வரை காத்திருக்காமல், பிளஸ் ஒன் படிக்கும்போதே தொடங்குவது நல்லது. படைவீரர் குடும்பங்கள் புதுச்சேரி முப்படை நலத்துறைக்குப் போகலாம். ஆயாவோ, சித்தியோ, தாய்மாமனோ வளர்க்கும் பிள்ளை என்றால் 1098-க்கு போன் போட்டு, குழந்தைகள் பாதுகாப்பு அலகை எப்படித் தொடர்புகொள்வது என்று கேட்கலாம். அந்த அழைப்புக்குக் கட்டணம் இல்லை.