மருத்துவ மொழிச் செயலாக்கப் பணி

மருத்துவ மொழிச் செயலாக்கம் என்பது நோயாளியின் பேச்சையும் மருத்துவர், செவிலியர் எழுதும் குறிப்புகளையும் கணினி பகுத்தறிந்து பயன்படுத்தும்படி செய்யும் துறையாகும். செயற்கை நுண்ணறிவு, மொழியியல், மருத்துவம் ஆகிய மூன்றும் இதில் இணைகின்றன. இத்துறையில் நிரல் எழுதுவோர் மட்டுமன்றி, மக்கள் தம் நோயை எந்தச் சொற்களில் கூறுகிறார்கள் என அறிந்தவர்களும் தேவைப்படுகிறார்கள். புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் போன்ற ஊரகக் கொம்யூன்களின் மாணவர்களுக்கு இந்த இரண்டாவது தகுதி இயல்பாகவே அமைந்துள்ளது.

தேவை

ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும் நோயாளி தமிழில் பேசுகிறார். மருத்துவக் குறிப்போ பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்படுகிறது. இடையில் நிகழும் மொழிபெயர்ப்பு மருத்துவரின் மனத்திலேயே நடந்து முடிந்துவிடுகிறது. இதனால் நோயாளி கூறிய சொற்கள் எங்கும் பதிவாவதில்லை. ஏராளமான எழுத்துச் சான்றுகளைப் படித்தே மொழி மாதிரிகள் கற்கின்றன. ஆங்கில மருத்துவக் குறிப்புகள் அவற்றுக்குப் பெருமளவில் கிடைக்கின்றன. பேச்சுத் தமிழில் நோயைப் பற்றிய பதிவுகள் மிகக் குறைவு.

படங்களைக் கொண்டு நோயறியும் செயற்கை நுண்ணறிவுக்கு இத்தடை இல்லை. சர்க்கரை நோயால் விழித்திரையில் ஏற்படும் பாதிப்பைக் கண்டறியும் கூகுளின் ஆய்வு 2016 ஆம் ஆண்டில் வெளியானது. அரவிந்த் கண் மருத்துவமனை, சங்கர நேத்ராலயா உள்ளிட்ட இந்திய மருத்துவமனைகளின் படங்கள் அதற்குப் பயன்பட்டன. அரவிந்தின் புதுச்சேரிக் கிளை கடலூர் சாலையில் தவளக்குப்பத்தில் உள்ளது. விழித்திரைப் படம் எந்த ஊரிலும் ஒரே வகையானது. பேச்சு ஊருக்கு ஊர் மாறுகிறது.

செயல்படும் முறை

“ரெண்டு நாளா மூச்சு வாங்குது, நெஞ்சு வலி இல்ல, சுகர் மாத்திரை போடல” என ஒருவர் கூறுவதாகக் கொள்வோம். கணினி இதைப் பின்வரும் படிகளில் கையாள்கிறது.

1. ஒலியை எழுத்தாக மாற்றுதல்.
2. சொற்களையும் விகுதிகளையும் பிரித்தல்.
3. நோய்க்குறி, மருந்து, கால அளவு ஆகியவற்றை அடையாளம் காணுதல். இங்கு “மூச்சு வாங்குது” நோய்க்குறி, “ரெண்டு நாளா” கால அளவு.
4. எது உண்டு, எது இல்லை எனப் பிரித்தறிதல். நெஞ்சு வலி இல்லை, மாத்திரை உட்கொள்ளப்படவில்லை.
5. கிடைத்தவற்றைப் பொதுக் குறியீடுகளுடன் இணைத்தல். உலக சுகாதார அமைப்பின் நோய் வகைப்பாடான ஐசிடி-11 இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. இது 2022 சனவரியில் நடைமுறைக்கு வந்தது.

புதிய பெரிய மொழி மாதிரிகள் இப்படிகளில் பலவற்றை ஒருங்கே செய்கின்றன. ஆயினும் பிழை எங்கு நேர்ந்தது எனக் கண்டறிய இப்படிகளை அறிந்திருப்பது உதவும்.

தமிழில் எழும் சிக்கல்கள்

நான்காம் படியே மிகவும் கவனத்துக்குரியது. ஆங்கில மருத்துவக் குறிப்புகளில் மறுப்பைக் கண்டறிய வெண்டி சாப்மனும் குழுவினரும் 2001 ஆம் ஆண்டில் நெக்எக்ஸ் என்னும் எளிய வழிமுறையை வெளியிட்டனர். அது மறுப்புச் சொற்களின் பட்டியலைக் கொண்டு அவற்றுக்கு அருகிலுள்ள நோய்ப் பெயர்களைச் சோதிக்கும். தமிழில் மறுப்பு பெரும்பாலும் வினைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. “போட்டேன்”, “போடல” ஆகிய இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு சொல்லின் இறுதியில் உள்ளது. அந்த இறுதி ஒலி சரியாகக் கேட்காவிட்டால், மருந்தை நிறுத்தியவர் மருந்து உட்கொண்டவராகப் பதிவாவார். அதன் பேரில் மருந்தின் அளவு கூட்டப்பட்டால் நோயாளிக்கு ஆபத்து நேரலாம்.

வேறு சிக்கல்களும் உள்ளன.

ஒருசொல் பலபொருள்: “மயக்கம்” என்பது தலைசுற்றலையும் குறிக்கும், நினைவிழத்தலையும் குறிக்கும். “இழுப்பு” சிலர் பேச்சில் மூச்சிரைப்பு. வேறு சிலர் பேச்சில் வலிப்பு.

ஒலி ஒற்றுமை: பேச்சில் ல, ள வேறுபாடு மறையும்போது “நாலு”, “நாளு” இரண்டும் ஒன்றாகக் கேட்கும்.

கலப்புச் சொற்கள்: “சுகர் இருக்கு”, “பிரஷர் இருக்கு” என்பவை சர்க்கரை நோயையும் உயர் இரத்த அழுத்தத்தையும் குறிக்கின்றன. சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தால் இப்பொருள் கிடைக்காது.

உணர்வும் நிகழ்வும்: “வாந்தி வர்ற மாதிரி இருக்கு” என்பது குமட்டல். “வாந்தி வருது” என்பது வேறு.

இல்லாததைச் சேர்த்துவிடும் குறையும் மென்பொருளுக்கு உண்டு. விஸ்பர் என்னும் பேச்சறி மென்பொருள் ஆங்கில ஒலிப்பதிவுகளில் ஏறத்தாழ 100-இல் 1 பதிவில் யாரும் கூறாத தொடர்களைச் சேர்த்திருந்ததை 2024 ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. எனவே மனிதச் சரிபார்ப்பு இத்துறையின் நிலையான பகுதியாகும்.

வில்லியனூர் முன்னோடி

உள்ளூர் மக்களே உள்ளூர் மொழியில் தகவலைத் திரட்டிச் சரிபார்க்க முடியும் என்பதற்கு இப்பகுதியிலேயே சான்று உண்டு. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 ஆம் ஆண்டில் கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆராய்ச்சி மையத்தின் உதவியுடன் தகவல் கிராமத் திட்டத்தைத் தொடங்கியது. வில்லியனூர் அதன் மையமாக இருந்தது. கீழூர், எம்பலம், வீராம்பட்டினம் முதலிய ஊர்களின் அறிவு மையங்கள் அதனுடன் இணைக்கப்பட்டன. பயிற்சி பெற்ற உள்ளூர்த் தன்னார்வலர்கள் அவற்றை நடத்தினர். அவர்களுள் பெண்கள் பலர். விளைபொருள் விலை, அரசுத் திட்டங்கள், மருத்துவ வசதி போன்ற செய்திகள் தமிழில் தொகுக்கப்பட்டன. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் கிடைத்த அலை உயர முன்னறிவிப்பு, தமிழாக்கப்பட்டு வீராம்பட்டினம் மீனவர்களுக்கு ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது. இத்திட்டம் 2001 ஆம் ஆண்டில் ஸ்டாக்ஹோம் சேலஞ்ச் விருது பெற்றது.

அது செயற்கை நுண்ணறிவுத் திட்டம் அன்று. எனினும் அத்தன்னார்வலர்கள் செய்த தொகுத்தல், தமிழாக்கம், சரிபார்த்தல் ஆகியவையே இன்று மொழித் தரவுப் பணிகள் எனப்படுகின்றன.

பணி வகைகள்

தரவுக் குறிப்பாளர்: ஒலிப்பதிவையும் உரையையும் படித்து நோய்க்குறி, மருந்து, மறுப்பு ஆகியவற்றை அடையாளமிடுபவர். தொடக்கநிலைப் பணியாதலால் பல இடங்களில் ஒப்பந்த முறையிலோ எண்ணிக்கைக் கூலியிலோ தரப்படுகிறது. இதிலேயே நின்றுவிடாமல் மேற்படிப்பைத் தொடர்வது நல்லது.

கணினி மொழியியலாளர்: சொல்லமைப்பு விதிகளையும் வட்டாரச் சொற்பட்டியல்களையும் உருவாக்குபவர்.

இயந்திரக் கற்றல் பொறியாளர்: மாதிரிகளைப் பயிற்றுவித்துச் செயலிகளில் பொருத்துபவர்.

மருத்துவ மதிப்பீட்டாளர்: மாதிரியின் விடை நோயாளிக்குத் தீங்கு விளைவிக்குமா எனச் சோதிப்பவர். மருத்துவம், செவிலியம், மருந்தியல் பயின்றோர் இதற்கு ஏற்றவர்கள்.

கல்வி

பொறியாளராக விரும்புவோர்க்கு மேல்நிலை வகுப்பில் கணிதமும், பின்னர் புள்ளியியலும் பைத்தான் நிரல்மொழியும் அடிப்படைகளாகும். புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் காலாப்பட்டிலுள்ள புதுவைப் பல்கலைக்கழகமும் கணினிக் கல்வி அளிக்கின்றன. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 2020 ஆம் ஆண்டில் தொடங்கிய தரவு அறிவியல் படிப்பை வீட்டிலிருந்தே இணையவழியில் பயிலலாம். தேர்வுகளுக்கு மட்டும் மையத்துக்குச் செல்ல வேண்டும். மொழியியல் வழியில் வர விரும்புவோர்க்குப் புதுவை மொழியியல் பண்பாட்டு ஆராய்ச்சி நிறுவனம் அருகில் உள்ளது. அதே சென்னைக் கழகத்தின் ஏஐ4பாரத் குழு, இந்திய மொழிகளுக்கான மாதிரிகளையும் தரவுகளையும் பொதுப் பயன்பாட்டுக்கு வெளியிடுகிறது. மாணவர்கள் அவற்றைப் பதிவிறக்கிப் பழகலாம்.

நெறிமுறை

நோயாளியின் பேச்சு அவருக்கு உரியது. ஒப்புதலின்றிப் பதிவு செய்வதும், பெயரையும் ஊரையும் நீக்காமல் பகிர்வதும் தவறு. சிற்றூரில் பெயரை மட்டும் நீக்குவது போதாது. தெரு, தொழில், நோய் ஆகிய மூன்றைக் கொண்டே ஆளை அடையாளம் கண்டுவிட முடியும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் மருத்துவச் செயற்கை நுண்ணறிவுக்கான நெறிமுறைகளை 2023 ஆம் ஆண்டில் வெளியிட்டது. எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் அதே ஆண்டில் இயற்றப்பட்டது. இத்துறையில் நுழைவோர் இவ்விரண்டையும் நிரல் கற்கும் காலத்திலேயே படித்தறிவது பயன் தரும்.