அழைப்புப் பட்டியலில் தொடங்கும் பிறந்தநாள்

சிறு குழந்தையின் பிறந்தநாள் விழாவுக்கு ஆகும் செலவைக் கேக்கின் எடையோ பலூன்களின் எண்ணிக்கையோ அல்ல, அழைப்புப் பட்டியலே முடிவு செய்கிறது. யாரையும் விட்டுவிட்டதாகப் பேச்சு வந்துவிடக் கூடாதே என்று அலுவலகத்தார், அண்டை வீட்டார், முன்பு மொய் எழுதிய உறவினர் எனப் பெயர்கள் கூடக்கூட, வீட்டுக் கூடத்தில் நடக்க வேண்டிய விழா மண்டபத்துக்குப் போகிறது. சாப்பாடு, மேடை அலங்காரம், 'ரிட்டர்ன் கிஃப்ட்' எனப்படும் பதில் பரிசு என்று செலவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்கின்றன. நான்கு வயதுக் குழந்தையோ அறியாத முகங்களையும் ஒலிபெருக்கியின் இரைச்சலையும் கண்டு மிரண்டு, மெழுகுவத்தியை ஊத வேண்டிய நேரத்தில் தாயின் தோளில் முகம் புதைத்து அழுகிறது.

தமிழ்நாட்டுக் குடும்பங்கள் பலவற்றில் ஆண்டுதோறும் இரண்டு பிறந்தநாள்கள் வருவது இங்கே கைகொடுக்கும். ஒன்று ஆங்கிலத் தேதி. மற்றொன்று நட்சத்திரப் பிறந்தநாள், அதாவது பிறந்த தமிழ் மாதத்தில் பிறந்த நட்சத்திரம் கூடும் நாள். நிலவு நட்சத்திரங்களினூடே ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 27.3 நாள்களே ஆவதால் எந்த நட்சத்திரமும் அடிக்கடி வரும் எனினும், பிறந்த மாதத்தில் வருவதே கணக்கு. அது ஆங்கிலத் தேதியோடு பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை. பெரியவர்களை நட்சத்திர நாளன்று கோயில் அர்ச்சனைக்கும் வீட்டுப் பாயசத்துக்கும் அழைத்து ஆசி பெற்றுவிட்டால், மற்ற நாளின் மாலையைக் குழந்தையின் தோழர்களுக்கே விட்டுவிடலாம். ஐந்தாறு பிள்ளைகள், ஒன்றரை மணி நேரம், அரைக் கிலோ கேக், மினி இட்லி, கேசரி: இந்த வயதுக்கு இதுவே நிறைவான விழா.

ஏறத்தாழ மூன்று வயதுக்கு முந்தைய நிகழ்ச்சிகள் வளர்ந்தபின் பெரும்பாலோருக்கு நினைவில் இருப்பதில்லை. உளவியலார் இதைக் குழந்தைப்பருவ மறதி என்பர். ஆகவே முதல் பிறந்தநாளுக்குக் கடன் வாங்குவது எவ்வகையிலும் தேவையற்றது. அதற்குப் பிந்தைய வயதிலும் குழந்தையின் கை தானே செய்த ஒன்றுக்கு மேடை அலங்காரம் ஈடாகாது. பனையோலைக் காற்றாடி அத்தகையது. ஓலைத் துண்டுகள் இரண்டை ஒன்றுக்குள் ஒன்று மடித்துக் கோக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் விட்டு, நடுவில் கருவேல முள்ளைக் குத்திக் குச்சியில் பொருத்துவதைப் பெரியவர் ஒருவர் பார்த்துக்கொண்டால் போதும். காற்றை எதிர்த்து ஓடும்போது ஓலை சடசடவெனச் சுழல, அதைப் பிடித்தபடியே பிள்ளைகள் வீடு திரும்புவதால் தனியே பதில் பரிசும் வேண்டியதில்லை.

சிலவற்றைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும். மேலே பறக்கும் பலூன்களில் சில நேரம் எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் அடைக்கப்படுகிறது; 'ஸ்னோ ஸ்பிரே' எனும் நுரைத்தெளிப்பான்கள் பலவற்றிலும் எரியும் வாயு உண்டு; இரண்டுக்கும் மெழுகுவத்தியின் அருகே இடமில்லை. வெடித்த பலூன் துண்டுகள் குழந்தையின் தொண்டையை அடைக்கக்கூடும் என்பதால் உடனே பொறுக்கிவிட வேண்டும். அலங்காரத் தெர்மோகோலுக்கும் பலூன்களின் பிளாஸ்டிக் குச்சிகளுக்கும் 2022 ஜூலை 1 முதல் நாடெங்கும் தடை உள்ளது.

எல்லாரும் போனபின், குழந்தையைக் கதவு நிலையில் முதுகு ஒட்ட நிறுத்தி, உச்சந்தலைக்கு நேராகப் பென்சிலால் ஒரு கோடு இழுத்துத் தேதி எழுதிவைக்கலாம். அடுத்த ஆண்டு முதலில் தேடி ஓடுவது அந்தக் கோட்டைத்தான்.