கடைமடை நெல்லுக்கு எந்த விதைப்புக் கருவி?

பரங்கிப்பேட்டை, புவனகிரி, சிதம்பரம் பகுதி விவசாயிகள் ஆடி பிறந்ததும் வானத்தையும் வாய்க்காலையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்தாலும், அந்தத் தண்ணீர் கல்லணை, கீழணை, வடவாறு, வீராணம் எல்லாம் கடந்து, சேத்தியாத்தோப்பு அணைக்கட்டில் பிரியும் வெள்ளாற்று ராஜன் வாய்க்காலின் கடைசி மதகுக்கு வருவதற்குள் ஆவணி ஆகிவிடும். சில ஆண்டுகளில் புரட்டாசியும் ஆகும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால், மேல்பகுதி வயல்களின் வடிகால் நீரெல்லாம் கடலுக்குப் போகும் வழியில் இங்கேதான் வந்து தேங்கும்.

இடையில் கிடைப்பது ஆறேழு வாரம்தான். அதற்குள் சம்பா பயிர் வேர்பிடித்து, தேங்கும் தண்ணீருக்கு மேல் தலை தூக்கியிருக்க வேண்டும். நாற்றங்கால் விட்டு, நாற்றுப் பறித்து, நடவு ஆட்களுக்குக் காத்திருந்தால் இந்தக் கணக்கு பல ஆண்டுகளில் தவறிவிடுகிறது. கடைமடையில் நேரடி நெல் விதைப்பு பரவியதற்குக் காரணம் இதுதான்.

இப்போது ஊருக்குள் டிராக்டரில் பூட்டும் விதைப்பான் வருகிறது. டிரம் சீடர் வருகிறது. நடவு இயந்திரமும் வாடகைக்குக் கிடைக்கிறது. "எது நல்ல கருவி?" என்றுதான் பலரும் கேட்கிறார்கள். என் வயல் எந்தத் தேதியில், எந்தப் பதத்தில் விதைப்புக்குத் தயாராகும் என்பதை முதலில் கேட்டுக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். புழுதியாக இருக்கும் வயலுக்கு டிராக்டர் விதைப்பான், சேறாகிவிட்ட வயலுக்கு டிரம் சீடர். ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது.

கையால் தெளிப்பதில் என்ன குறை?

செலவே இல்லாத கருவி கைதான். ஆனால் ஏக்கருக்கு 30 முதல் 40 கிலோ விதை போகிறது. தெளித்த பிறகு கல்டிவேட்டரோ ரோட்டவேட்டரோ ஓட்டி மூடும்போது சில விதை மேலேயே கிடந்து குருவிக்குப் போகும். சில விதை நான்கு விரற்கடை ஆழத்துக்குப் போய் முளைக்காமல் அழுகும். இது தெரிந்துதான் விவசாயிகள் கூடுதலாகத் தெளிக்கிறார்கள். எல்லாம் முளைத்துவிட்ட ஆண்டில் பயிர் நெருக்கமாகி, காற்றோட்டம் இல்லாமல் புகையானுக்கு வசதியாகிறது. இதைவிடப் பெரிய குறை, வரிசை இல்லாத வயலில் கோனோவீடர் ஓட்ட முடியாது. களைக்கு மருந்தும் கையும்தான் கதி.

டிராக்டர் விதைப்பான்

கடைமடைப் புழுதி விதைப்புக்கு இதுதான் முதல் தேர்வு என்பது என் கருத்து. கல்டிவேட்டர் போன்ற சட்டத்தின் மேல் விதைப்பெட்டி, அதிலிருந்து ஒவ்வொரு கொழுவுக்கும் ஒரு குழாய், பெட்டிக்குள் விதையை அளந்து விட நிலச்சக்கரம். இந்தத் தத்துவம் நமக்குப் புதிதல்ல. ஆந்திரப் பகுதியில் கொர்ரு என்ற மாட்டு விதைப்புக் கலப்பையைக் கண்ட ஆங்கிலேய அதிகாரி கேப்டன் ஹால்காட், இது ஐரோப்பியக் கண்டுபிடிப்பு என்றல்லவா நினைத்திருந்தேன் என்று 1795-லேயே எழுதியிருக்கிறார்.

9 கொழு, 22.5 செ.மீ. இடைவெளி உள்ள விதைப்பான் ஒரு சாலில் சுமார் 2 மீட்டர் அகலம் விதைக்கும். திருப்பும் நேரத்தையும் சேர்த்தால் மணிக்கு ஏறக்குறைய ஓர் ஏக்கர். ஏக்கருக்கு 15 முதல் 20 கிலோ விதை போதும்.

வாடகைக்கு எடுக்கும்போது பெட்டியைத் திறந்து உள்ளே பாருங்கள். சில விதைப்பான்களில் வரிப்பள்ளம் வெட்டிய உருளை சுழன்று விதையைத் தள்ளும். இது கோதுமைக்கு ஏற்ற அமைப்பு. நெல்லைச் சில நேரம் நசுக்கும், கொத்துக் கொத்தாகவும் விடும். வேறு சிலவற்றில் ஓரத்தில் பள்ளம் உள்ள தட்டு சாய்வாகச் சுழன்று, விதையை எண்ணி எடுத்துப் போடும். நெல்லுக்கு இந்தச் சாய்தட்டு வகையே நல்லது. தட்டை மாற்றினால் மற்ற பயிர்களுக்கும் உதவும். நெல்லுக்கு உரிய தட்டு பூட்டியிருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வேறு பயிரின் தட்டோடு நெல் வயலில் இறங்கும் வண்டிகளும் உண்டு.

அடுத்தது அளவு. ஓட்டுநர் சொல்லும் அளவை நம்பி இறக்கிவிடக் கூடாது. சோதனை எளிது. விதைப்பானைத் தூக்கி நிறுத்தி, நிலச்சக்கரத்தின் சுற்றளவை ஒரு கயிற்றால் அளக்க வேண்டும். ஒன்றரை மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 20 சுற்று சுற்றினால் 30 மீட்டர் ஓடியதாகக் கணக்கு. 2 மீட்டர் அகலத்துக்கு அது 60 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய ஒன்றரை சென்ட். ஏக்கருக்கு 15 கிலோ என்றால் சென்ட்டுக்கு 150 கிராம். ஆகவே 20 சுற்றில் எல்லாக் குழாயிலும் சேர்த்து 225 கிராம் விதை விழ வேண்டும். ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு பை கட்டிச் சுற்றினால், எந்தக் குழாய் குறைவாக விடுகிறது என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். கால் மணி நேர வேலை.

ரகம் மாறினால் இந்தச் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். பி.பி.டி. 5204 போன்ற சன்ன ரகத்தில் ஆயிரம் விதை சுமார் 15 கிராம்தான். சி.ஆர். 1009 போன்ற மோட்டா ரகத்தில் 23 கிராமுக்கு மேல். ஏக்கருக்கு 15 கிலோ என்று விதைத்தால் ஒரு மீட்டர் சாலில் சன்ன ரகம் 55 விதை விழும், மோட்டா ரகம் 35 விதைதான் விழும். மீட்டருக்கு 40 விதை போதும் என்று முடிவு செய்தால் சன்னத்துக்கு 11 கிலோ, மோட்டாவுக்கு 17 கிலோ தேவை. ஒரே அளவை எல்லா ரகத்துக்கும் சொல்பவரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.

ஆழம்தான் பலர் கோட்டை விடும் இடம். ஓர் அங்குலம், மிஞ்சினால் ஒன்றரை அங்குலம். இரண்டு அங்குலத்தைத் தாண்டினால் குட்டை ரகங்களின் முளை மேலே வரத் திணறும். நம்முடைய களிமண்ணில் கட்டி அதிகம். கோடை உழவு செய்து, மழை ஈரத்தில் கட்டி உடைத்த வயலில்தான் கொழு ஒரே ஆழத்தில் ஓடும். அதற்காக ரோட்டவேட்டரை மூன்று நான்கு முறை ஓட்டி மாவாக்கிவிடவும் கூடாது. அப்படிப்பட்ட வயலில் பெருமழை ஒன்று அடித்தால் மேலே பொருக்குக் கட்டி, முளை அடியிலேயே சுருண்டுவிடும்.

விதைக்கும்போது ஓர் ஆள் கருவிக்குப் பின்னால் நடந்தே ஆக வேண்டும். குழாயில் மண் அடைத்துக்கொண்டால் ஓட்டுநருக்குத் தெரியாது. பத்து நாள் கழித்து, பச்சைக் கோடுகளுக்கு நடுவே நீளமாக இரண்டு சால் வெறுமையாகத் தெரியும்போதுதான் வயல்காரருக்குத் தெரியும். அதற்குள் வண்டி நான்கு ஊர் தாண்டியிருக்கும்.

புழுதி விதைப்புக்கு விதையைக் கடினப்படுத்துவது நல்லது. ஒரு சத பொட்டாசியம் குளோரைடு கரைசலில் 16 மணி நேரம் ஊற வைத்து, நிழலில் பழைய எடைக்கு வரும்வரை உலர்த்த வேண்டும். அசோஸ்பைரில்லம் கலந்தாலும் நன்றாக உலர்ந்த பிறகே பெட்டியில் கொட்ட வேண்டும். ஈர விதை தட்டில் ஒட்டும்.

பஞ்சாபில் 2020 ஊரடங்கின்போது நடவு ஆட்கள் சொந்த ஊர் திரும்பியதால் நேரடி விதைப்பு ஒரே பட்டத்தில் பெருகியது. அங்கே ஏக்கருக்கு 8 முதல் 10 கிலோவில் முடிக்கிறார்கள். அதைப் பார்த்து இங்கேயும் அதே அளவு என்று இறங்க வேண்டாம். அங்கே ஆழ்குழாய் நீரைப் பாய்ச்சி, பதம் வந்த பொலபொலப்பான மண்ணில் விதைக்கிறார்கள். நாம் களிமண்ணில், மழையை நம்பி விதைக்கிறோம். காய்ந்த புழுதியில் விதைத்து ஒரு சிறு தூறல் மட்டும் விழுந்து நின்றால், ஊறிய விதை அப்படியே செத்துவிடும் என்பது இங்கே அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும்.

டிரம் சீடர்

வாய்க்காலில் தண்ணீர் முன்னதாக வந்துவிட்டாலோ, மழையில் வயல் சேறாகிவிட்டாலோ டிராக்டர் விதைப்பானை மறந்துவிட வேண்டும். அப்போது கைகொடுப்பது டிரம் சீடர். நான்கு பிளாஸ்டிக் உருளை, 20 செ.மீ. இடைவெளியில் எட்டு வரிசை. ஒருவரே இழுக்கலாம். ஒரு நாளில் இரண்டரை ஏக்கர் வரை முடியும். ஏக்கருக்கு 15 கிலோ அளவு விதை பிடிக்கும். விலையும் மற்ற கருவிகளைவிட மிகக் குறைவு என்பதால் இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாங்கிக்கொள்ளலாம்.

முளைதான் இதில் சூட்சுமம். 24 மணி நேரம் ஊற வைத்து, மூட்டம் போட்டு, வெண்முளை எட்டிப் பார்த்த உடனே விதைக்க வேண்டும். வேர் நீண்டுவிட்டால் துளையில் சிக்கி ஒடியும். நிழலில் அரை மணி நேரம் ஆற வைத்து, உருளையில் மூன்றில் இரண்டு பங்கு மட்டும் நிரப்ப வேண்டும். முழுக்க நிரப்பினால் விதை உருளாது, விழாது.

சமன் செய்யாத வயலில் டிரம் சீடர் இறக்குவது வீண். பள்ளத்தில் விழுந்த விதை அழுகும். விதைத்த இரண்டு மூன்று நாளில் கனமழை பெய்தால் விதை அடித்துக்கொண்டு போய் மூலையில் சேர்ந்துவிடும். இரண்டு இழுப்புக்கு ஒரு சிறு வடிகால் கீறி, அதை வரப்போர வடிகாலோடு சேர்த்துவிட்டால் சேதம் குறையும். ஆனாலும் புரட்டாசிக் கடைசியில் பள்ளக்கால் வயலில் இதை முயல்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நடவு இயந்திரம் நல்ல கருவிதான், ஆனால் பாய் நாற்றங்காலில் 15 முதல் 18 நாள் வளர்ந்த குட்டை நாற்றைத்தான் அது நடும். ஆழ்குழாய் வசதியோடு ஆவணியிலேயே நடுபவர்களுக்கு லாபம். ஐப்பசி நெருங்கும்போது கடைமடையில் அந்தக் குட்டை நாற்று ஒரே மழையில் மூழ்கிவிடும். ட்ரோன் விதைப்பு வேகமானது. இருந்தாலும் வரிசை கிடையாது, ஆகவே அதுவும் ஒரு வகைக் கைத்தெளிப்புதான்.

களைக்குத் தயாராக இருங்கள்

நேரடி விதைப்பில் நெல்லும் களையும் ஒன்றாகவே முளைக்கும். எந்தக் கருவியானாலும் முதல் 30 நாள் தவறினால் மிச்சப்படுத்திய கூலியெல்லாம் களையெடுப்புக்கே போய்விடும். புழுதி விதைப்பில், நனையும் மழை கிடைத்து 5 நாளுக்குள், மண்ணில் ஈரம் இருக்கும்போதே ஏக்கருக்கு 1.3 லிட்டர் பெண்டிமெத்தலின் தெளிக்கலாம். சேற்று விதைப்புக்கு சேப்னர் கலந்த பிரெட்டிலாகுளோர் 600 மி.லி., 3 அல்லது 4-ஆம் நாள். தப்பி வருவதற்கு 15 முதல் 20 நாளில் பிஸ்பைரிபேக் சோடியம் 100 மி.லி. அதன்பின் வரிசைகளுக்கு நடுவே கோனோவீடர். 20 செ.மீ. இடைவெளியில் அது நெருக்கித்தான் போகும் என்பதால் வரிசை கோணாமல் இருப்பது முக்கியம்.

ரகத்தைப் பொறுத்தவரை, தண்ணீர் தேங்கும் வயலுக்கு சி.ஆர். 1009 சப் 1 ஏற்றது. முழுக்க மூழ்கினாலும் இரண்டு வாரம் வரை தாக்குப் பிடிக்கும். 150 நாளைத் தாண்டும் ரகம் என்பதால் ஆகஸ்ட் மாதத்துக்குள் விதைப்பை முடித்துவிட வேண்டும். பின்னால் போடும் உளுந்துக்கும் அப்போதுதான் ஈரம் மிஞ்சும்.

விதைப்பான், டிரம் சீடர் வாங்க வேளாண் பொறியியல் துறை மூலம் மானியம் உண்டு. சிறு, குறு விவசாயிகள், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு மற்றவர்களைவிடக் கூடுதல் விகிதத்தில், உச்சவரம்புக்கு உட்பட்டுக் கிடைக்கும். உழவன் செயலியில் பதிவு செய்யலாம். சிட்டா, ஆதார், வங்கிக் கணக்குப் புத்தக நகலைக் கையில் வைத்திருங்கள். வாடகைக்கு எடுப்பவர்கள் ஆடி முடிவதற்குள் சொல்லி வைப்பது நல்லது. முதல் மழை விழுந்த மறுநாள் எல்லோரும் ஒரே வண்டியைத்தான் கூப்பிடுவார்கள்.