பொய்ப் பிரமாணமும் உரிமையியல் வழக்கும்

உரிமையியல் வழக்கில் வாதுரைகளுக்கு ஆதரவாகப் பிரமாணப் பத்திரமும் தாக்கல் செய்ய வேண்டும் என்ற விதி 2002 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. பொய்யுரைத்தவரின் வழக்கு என்னவாகும்?

உச்ச நீதிமன்றத்தின் 1993-ஆம் ஆண்டுத் தீர்ப்பு இதற்கு வழிகாட்டுகிறது. முதலாளிக்காக நீதிமன்ற ஏலத்தில் சொத்து வாங்கிய எழுத்தர் ஒருவர், தம் உரிமை முழுவதையும் விடுதலைப் பத்திரம் மூலம் அவருக்கே விட்டுக்கொடுத்திருந்தார். பின்னர் அதை மறைத்துப் பாகப்பிரிவினை வழக்குத் தொடுத்து, முதனிலைத் தீர்ப்பாணையும் பெற்றார். பத்திரம் வெளிப்பட்டதும், இறுதித் தீர்ப்பாணை கோரிய மனுவை விசாரணை நீதிமன்றம் தள்ளியது. உயர் நீதிமன்றம் மாறுபட்டது. உச்ச நீதிமன்றமோ விசாரணை நீதிமன்ற முடிவையே நிலைநிறுத்தியது. பொய்யை அடிப்படையாகக் கொண்ட வழக்கை எக்கட்டத்திலும் தள்ளலாம் என்பதே அதன் சாரம்.

ஆயினும் நினைவுப் பிழையெல்லாம் பொய்யாகாது. மறைத்த செய்தி வழக்கின் அடிப்படையைத் தொடுவதாக இருத்தல் வேண்டும்.

தள்ளுபடியுடன் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. நீதிமன்ற நடவடிக்கையில் வேண்டுமென்றே பொய்ச்சாட்சி கூறுவோருக்கு, 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 229-ஆம் பிரிவு ஏழாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கிறது.

அரசின் சார்பில் பிரமாணப் பத்திரத்தில் கையொப்பமிடும் அலுவலர், கோப்பை முழுமையாகப் படித்த பின்னரே ஒப்பமிடுவது கடமையாகும்.