வாச்சாத்தி: வாயை அடைத்தது யார்?

2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி முதன்மை அமர்வு நீதிமன்றத்தில், ஒரே வழக்கில் 215 அரசு ஊழியர்கள் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. வனத்துறையினர் 126 பேர், காவல்துறையினர் 84 பேர், வருவாய்த் துறையினர் 5 பேர். குற்றம் சாட்டப்பட்டவர்கள் மொத்தம் 269. மீதி 54 பேர் வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே இறந்துபோனார்கள். உயிரோடு இருந்தவர்களில் ஒருவர்கூட விடுதலையாகவில்லை. நான்கு இந்திய வனப்பணி அதிகாரிகளும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள்.

இந்தத் தீர்ப்பைப் பற்றி எழுத உட்கார்ந்தால், 19 ஆண்டு மௌனம் கலைந்தது என்று எழுதத்தான் கை போகும். யாருடைய மௌனம் என்று கேட்டுப் பார்த்தால் அந்த வரி நிற்காது. வாச்சாத்திப் பெண்கள், கேட்க ஆள் வந்த நாளிலிருந்து நடந்ததைச் சொல்லிக்கொண்டேதான் இருந்தார்கள்.

அரூர் வட்டத்தில், சித்தேரி மலையடிவாரத்தில் உள்ள ஊர் வாச்சாத்தி. மலையாளி என்று பழங்குடிப் பட்டியலில் இடம்பெற்ற மக்கள் அங்கே வாழ்கிறார்கள். கேரளத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், அவர்கள் பேசுவது தமிழ். 1992 ஜூன் 20 அன்று, பதுக்கிவைத்த சந்தனக் கட்டைகளைத் தேடுகிறோம் என்று வனத்துறையினர் ஊருக்குள் வந்தார்கள். ஊராருக்கும் அவர்களுக்கும் தகராறு மூண்டது. அதற்குப் பிறகு பெரும்படையே வந்து இறங்கியது: வனத்துறையினர் 155 பேர், போலீசார் 108 பேர், வருவாய்த் துறையினர் 6 பேர். ஆண்களில் பலர் மலைக்கு ஓடிவிட்டார்கள். அகப்பட்டவர்கள் பெண்கள், குழந்தைகள், வயதானவர்கள்.

எல்லோரையும் ஊர் மரத்தடிக்கு இழுத்து வந்து அடித்தார்கள். சந்தனக் கட்டை இருக்கும் இடத்தைக் காட்டச் சொல்லி 18 பெண்களை ஏரிப் பக்கம் கொண்டுபோய்ப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். அவர்களில் பள்ளி வயதுச் சிறுமியும் உண்டு. பிறகு அரூர் வனச்சரக அலுவலகம். அங்கே ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டரை அந்த ஊர்ப் பெண்களையே விட்டுத் துடைப்பத்தால் அடிக்கவைத்தார்கள். அப்புறம் சேலம் சிறை. நூற்றுக்கும் மேற்பட்டோர் மீது வழக்கு போடப்பட்டது. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள், சிலரோடு கைக்குழந்தைகளும் உள்ளே போயின. ஊரில் வீடுகளை இடித்தார்கள், ஆடு கோழிகளை அடித்துத் தின்றார்கள், தானியத்தைப் பாழாக்கினார்கள், குடிதண்ணீர்க் கிணற்றில் எண்ணெயை ஊற்றினார்கள். கிணற்றைக் கெடுத்தவர்கள் கட்டை தேட வந்தவர்களாக இருக்க முடியாது. அந்த ஊரில் இனி யாரும் குடியிருக்கக் கூடாது என்று நினைத்தவர்கள் செய்யும் வேலை அது.

வாயடைப்பு இங்கிருந்துதான் தொடங்குகிறது. சாட்சி சொல்ல வேண்டியவர்களைக் குற்றவாளிகளாக்கியாகிவிட்டது. புகார் கொடுக்க வேண்டிய பெண், சந்தன வழக்கில் கைதி. தப்பியவர்கள் காட்டில். சம்பவம் நடந்த ஊர் காலி. புகாரை வாங்க வேண்டிய காவல் நிலையமோ, சோதனைக்கு ஆள் அனுப்பிய துறையைச் சேர்ந்தது. வீடுகளை யார் இடித்தது என்ற கேள்விக்கு, ஊர்க்காரர்களே இடித்துவிட்டுப் போனார்கள் என்பது அதிகாரிகள் தரப்பின் பதில். தன் வீட்டைத் தானே இடித்துவிட்டுக் காட்டுக்கு ஓடும் குடும்பத்தை எங்கே கண்டார்களோ!

அந்தக் காலத்துச் சூழலையும் சொல்ல வேண்டும். சந்தனக் கடத்தல்காரன் வீரப்பனின் பெயர் தினமும் செய்தியில் அடிபட்ட நேரம் அது. சந்தனக் கடத்தல் என்று சொல்லிவிட்டால் மலையில் நடக்கும் எதற்கும் நியாயம் கிடைத்துவிடும் என்ற நிலைமை. கூலிக்கு மரம் வெட்டியவனும், கட்டையை லாரியில் ஏற்றி விற்றவனும், அதைக் கண்டும் காணாமல் விட்ட அதிகாரியும் ஒரே சொல்லுக்குள் அடங்கிப்போனார்கள். அடி விழுந்தது கூலிக்காரனின் வீட்டில். நகரத்து வாசகரும் அதை நம்பினார். இந்த விஷயத்தில் பத்திரிகைகளுக்கும் பங்கு உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை.

மூன்று வாரத்துக்கு மேல் கழித்து, ஜூலையில்தான் செய்தி வெளியே கசிந்தது. தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத்தினர் சித்தேரிப் பக்கம் போனபோது காதில் விழுந்ததை வைத்து, பெ.சண்முகம் உள்ளிட்டோர் வாச்சாத்திக்குப் போய்ப் பார்த்தார்கள். மார்க்சிஸ்ட் கட்சியின் அன்றைய மாநிலச் செயலாளர் ஏ.நல்லசிவன், முதல்வராக இருந்த ஜெயலலிதாவுக்குக் கடிதம் எழுதினார். பிறகு உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அங்கே சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போகச் சொன்னார்கள். மைதிலி சிவராமன் போன்ற மாதர் சங்கத்தினர் பெண்களிடம் உட்கார்ந்து கேட்டார்கள். அதே கோடையில் சிதம்பரம் அண்ணாமலை நகர் காவல் நிலையத்தில் நடந்த வன்கொடுமைக்கும் இதே அமைப்புகள்தான் தெருவில் இறங்கின. ஒரு மாநிலம், ஒரு பருவம், இரண்டு சம்பவங்கள்.

திருப்பம் தந்தது அரசுக்குள் இருந்த இன்னொரு கை. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கான தேசிய ஆணையத்தின் இயக்குநர் பாமதி நேரில் விசாரித்து, பெண்கள் சொல்வதில் உண்மை இருப்பதாக அறிக்கை கொடுத்தார். அதுவரை கட்சிக்காரர்களின் குற்றச்சாட்டு என்று ஒதுக்கப்பட்டது, அன்றுமுதல் அரசுத் தாளில் ஏறிவிட்டது. ஒரு கோப்பை மறுக்க இன்னொரு கோப்பு தேவைப்படும் நாடு இது. 1995-இல் உயர் நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ.யிடம் ஒப்படைத்தது. சி.பி.ஐ., சோதனைக்குப் போன 269 பேரையும் குற்றம் சாட்டப்பட்டவர்களாகச் சேர்த்தது.

சட்டமும் கை கொடுத்தது, அதற்குப் பின்னால் வேறொரு பழங்குடிப் பெண்ணின் கதை இருக்கிறது. 1972-இல் மகாராஷ்டிரத்தில் காவல் நிலையத்துக்குள் ஒரு பழங்குடிச் சிறுமி வன்கொடுமைக்கு ஆளானார். உடம்பில் காயம் இல்லை, எதிர்த்ததற்கு அடையாளம் இல்லை என்று சொல்லி இரண்டு போலீசாரையும் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. உபேந்திர பக்‌ஷி உள்ளிட்ட நான்கு சட்டப் பேராசிரியர்கள் 1979-இல் தலைமை நீதிபதிக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். நாடெங்கும் பெண்கள் அமைப்புகள் போராடின. 1983-இல் சட்டம் திருத்தப்பட்டது. அரசு ஊழியர் ஒருவர் தன் காவலில் உள்ள பெண்ணோடு உறவு கொண்டது நிரூபணமாகி, தான் சம்மதிக்கவில்லை என்று அந்தப் பெண் நீதிமன்றத்தில் சொன்னால், சம்மதம் இல்லை என்றே நீதிமன்றம் கொள்ள வேண்டும் என்று சாட்சியச் சட்டத்தில் புதுப் பிரிவு வந்தது. பாதிக்கப்பட்டவரின் பெயரை வெளியிடுவதும் அந்தத் திருத்தத்தில்தான் குற்றமானது. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1990 ஜனவரியில்; வாச்சாத்திக்கு இரண்டரை ஆண்டுதான் முந்தியது.

ஆனாலும் சட்டம் தானாக நடந்து நீதிமன்றத்துக்குப் போய்விடாது. சீருடைக் கூட்டத்தின் முன் நின்று, இவர்தான் என்று விரல் நீட்டி அடையாளம் காட்ட வேண்டும். ஆண்டுக்கணக்கில் கூலி வேலையை விட்டுவிட்டு பஸ் ஏறி வந்து, எதிர்த் தரப்பு வழக்கறிஞர் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். ஊருக்குப் போனால் அதே வனக்காவலர் காட்டு வழியில் எதிரே வருவார். ஒருவர் இருவராக இருந்திருந்தால் எங்காவது உடைந்துபோயிருப்பார்கள். வாச்சாத்தியில் ஊரே ஒரு தரப்பாக நின்றது. வெட்கப்பட வேண்டியது நாங்கள் அல்ல என்ற முடிவை ஊர் சேர்ந்து எடுத்ததுதான் இந்த வழக்கின் முதுகெலும்பு என்று எனக்குத் தோன்றுகிறது. வழக்கறிஞர்களின் திறமைகூட அதற்குப் பிறகுதான்.

2011 தீர்ப்பில் 17 பேர் மீது வன்கொடுமைக் குற்றம் உறுதியானது. அவர்களுக்கு நீண்ட சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீடுகள் உயர் நீதிமன்றத்தில் இன்னும் 12 ஆண்டு கிடந்தன. 2023 மார்ச்சில் நீதிபதி பி.வேல்முருகன் வாச்சாத்திக்கே போய், சம்பவ இடங்களைப் பார்த்து, மக்களிடம் பேசினார். 2023 செப்டம்பர் 29 அன்று, விசாரணை நீதிமன்றத் தீர்ப்பு வந்து சரியாக 12 ஆண்டு நிறைந்த நாளில், மேல்முறையீடுகள் அனைத்தையும் தள்ளுபடி செய்தார். பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் தர வேண்டும், அதில் பாதியைக் குற்றவாளிகளிடம் வசூலிக்க வேண்டும், அந்தப் பெண்களின் குடும்பத்துக்கு வேலையோ சுயதொழில் வாய்ப்போ தர வேண்டும் என்று உத்தரவிட்டார்.

அந்தத் தீர்ப்பில் பலர் கவனிக்காமல் விட்ட பகுதி ஒன்று உண்டு. உண்மையான கடத்தல்காரர்களையும் பெரிய புள்ளிகளையும் காப்பாற்றுவதற்காகத்தான் இந்த மக்களைப் பலியாக்கினார்கள் என்று நீதிமன்றம் சொன்னது. அன்றைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் ஆகியோர் மீது நடவடிக்கை எடுக்கவும் அரசுக்கு உத்தரவிட்டது. சோதனைக்குப் போனவர்கள் 1996 வாக்கிலேயே குற்றப்பத்திரிகையில் ஏறிவிட்டார்கள். அவர்களுக்கு மேல் இருந்தவர்களைப் பொறுப்பாக்கும் உத்தரவு வர 31 ஆண்டு ஆனது.

வாச்சாத்தி நடந்த அதே காலத்தில், மேற்கே சத்தியமங்கலம், மாதேஸ்வரன் மலைக் காடுகளில், வீரப்பனைத் தேடிய அதிரடிப்படை மீது இதைவிடப் பரந்த புகார்கள் இருந்தன. முகாம்களில் சித்திரவதை, வன்கொடுமை. ச.பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’ நாவல் அந்த அனுபவங்களிலிருந்து பிறந்ததுதான். தேசிய மனித உரிமை ஆணையம் நீதிபதி சதாசிவா தலைமையில் குழு அமைத்தது. 2007-இல் 89 பேருக்கு 2 கோடியே 80 லட்சம் ரூபாய் இழப்பீடு தரப் பரிந்துரைத்தது. தருமபுரியில் நடந்ததுபோல அதிகாரிகள் மொத்தமாகக் கூண்டில் ஏறித் தண்டனை பெற்ற தீர்ப்பு எதுவும் அந்த மலைகளிலிருந்து வரவில்லை.