முன்னிருந்தார் கடிதங்கள்

வீடு மாறுகின்றவர்கள் பெட்டி படுக்கைகளைக் கட்டுகிறார்கள். தட்டுமுட்டுச் சாமான்களை வண்டியில் ஏற்றுகிறார்கள். சுவாமிப் படத்தை முதலிற் கொண்டுபோய் வைத்துப் புதுவீட்டிற் பால் காய்ச்சுகிறார்கள். விலாசம் ஒன்று மாத்திரம் பழைய வீட்டிலேயே தங்கிவிடுகிறது. பின்வந்து குடியிருப்பவர் கையில், அவர் முகமும் அறியாத ஒருவருடைய கடிதங்கள் வந்து சேர்கின்றன. எந்நாட்டிலும் நிகழும் சங்கதிதான் இது. ஆயின், யாழ்ப்பாணத்திலே இஃது ஒரு சிறு சங்கதியாக இருந்ததில்லை. 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் நாள் இரவு, வலிகாமத்து மக்கள் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சி நோக்கி நடந்தார்கள். புது விலாசம் இன்னதென்று தபாற் கந்தோரில் எழுதிக் கொடுத்துவிட்டா நடந்தார்கள்? புது விலாசம் யாது என்பது அவர்களுக்கே தெரியாது.

மறு வருடம் பலர் திரும்பினர். திரும்பியோர் யாவரும் தத்தம் வீட்டிற்கே திரும்பினர் அல்லர். வன்னிக்குப் போனவர் போக, கொழும்புக்குப் போனவர் போக, கடல் கடந்தவர் போக, எஞ்சியவர் எஞ்சிய கூரைகளின் கீழ்ப் புகுந்தனர். நானும் அன்னையாரும் 1996 இல் வாடகைக்குப் புகுந்த வீடும் அத்தகையதே. எங்களுக்கு முன் அவ்வீட்டில் இருபது ஆண்டுகள் குடியிருந்தவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர். பெயர் ஈண்டு வேண்டா. அவர் எங்கே போனார் என்பது வீட்டுச் சொந்தக்காரருக்கும் தெரியவில்லை. தபாற்காரருக்கு மாத்திரம் அவர் இன்னும் அவ்வீட்டிலேயே இருந்தார்.

தரைப்பாதை மூடியிருந்த காலம் அது. தபாற் பைகள் கடல் வழியாகவும் வான் வழியாகவும் வரும். வரும்போது மொத்தமாக வரும். ஒரே நாளில் அவருக்கு ஏழு கடிதங்கள் வந்ததுண்டு. எனக்கு ஒன்றும் வராது.

பிறர் கடிதத்தைப் பிரித்தல் ஆகாது என்பதைப் பள்ளிப் பிள்ளையும் அறியும். ஆனால், பிரியாத கடிதமும் பேசும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தால் கலியாணம். மஞ்சள் இல்லாத அச்சிட்ட அட்டையானால் பெரும்பாலும் அந்தியேட்டி. வங்கியின் உறை தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். மேற்குறித்த ஏழில் ஒன்று நொத்தாரிசு ஒருவரிடமிருந்து வந்தது. உறையின் மூலையிலே அவர் பெயரும் தொழிலும் அச்சாகியிருந்தன. நான் ஒன்றையும் பிரிக்கவில்லை. ஆயினும், ஒரு மனிதருடைய வரலாற்றிற் பாதி என் மேசைமேற் கிடந்தது.

இக் கடிதங்களை என் செய்வது? அன்னையார், "வைத்திரு தம்பி, அவர் வருவார்" என்றார். அடுத்த வீட்டுக்காரர், "கிழித்தெறியுங்கோ மாஸ்டர், பொல்லாத காலம்" என்றார். முன்னது அன்பு, பின்னது அச்சம். இரண்டும் கடிதத்திற்கு உதவா. ஒரு காலத்திலே கடிதத்துக்குரிய கூலியைப் பெறுபவரே பெரும்பாலும் கொடுத்தார். இங்கிலாந்தில் 1840 இல் முத்திரை வந்தது. இலங்கையில் 1857 இல் வந்தது. அதன் பின் கூலி முன்னதாகவே செலுத்தப்பட்டுவிடுகிறது. ஆகவே எழுதியவருக்குத் தபாற் பகுதி கடன்பட்டிருக்கிறது. நாம் கடிதத்தை வைத்துக்கொண்டால் அக் கடனை இடைமறித்தவர் ஆவோம். விலாசத்தை எழுத்து மறையாதபடி ஒரு கோட்டால் வெட்டி, புது விலாசம் தெரியுமாயின் அதனைப் பக்கத்தில் எழுதி, தெரியாதாயின் 'இவ்விலாசத்தில் இல்லை' என்று எழுதித் திருப்பிக் கொடுப்பதே முறை. அனுப்பியவர் விலாசம் பின்புறத்தில் இருந்தால் அது வந்த வழியே போகும். மாணவர்கள் இதனைக் கவனிப்பாராக: உறையின் பின்புறம் வீணே விடப்பட்ட வெற்றிடம் அன்று.

எனினும், திருப்பிக் கொடுப்பதற்கு முன் உரியவரைத் தேடிப் பார்த்தல் வேண்டாவோ? இவ்விடத்தில் எனக்குச் சிலப்பதிகாரத்துக் கோசிகமாணி நினைவுக்கு வருகிறான். மாதவி எழுதிய முதல் ஓலையைக் கோவலன் வாங்க மறுத்துவிட்டான். இரண்டாவது ஓலை எழுதப்பட்டபோது அவன் புகாரிலேயே இல்லை. விலாசம் இல்லாத மனிதனைத் தேடிக்கொண்டு கோசிகன் மதுரை வழியிலே வருகிறான். துயரத்தால் உருமாறி நிற்கும் ஒருவனைக் காண்கிறான். கோவலன்தானோ, அன்றோ? "நீ கோவலனா?" என்று கேட்டால் எவனும் ஆம் எனலாம். ஓலையை நீட்டிக் கேட்டால் மறை வெளியாகும். எனவே அவன் பக்கத்தில் நின்ற மாதவிக் கொடியை நோக்கி, கோவலன் பிரிவால் மாதவி வாடியதுபோல நீயும் வாடினையோ என்கிறான். அச் சொல் யாருக்கு உறைக்கிறது என்று பார்க்கிறான். ஆள் அறியும் வகை அறிந்த தபாற் சேவகன் அவன்!

அவ்வோலையைப் படித்த கோவலன், அதிலுள்ள சொற்கள் தான் தாய் தந்தையர்க்கு எழுத வேண்டிய சொற்களாகவே இருக்கக் கண்டு, அதனையே அவர்களிடம் சேர்ப்பிக்கச் சொல்கிறான். காதலி எழுதியதைப் பெற்றோருக்கு அனுப்புவதா என்று முகஞ்சுளிப்பாரும் உளர். எனக்கு அது குறையாகத் தோன்றவில்லை. வேறு ஓலை எழுதும் நிலையிலா அவன் இருந்தான்?

கோசிகனின் உபாயம் எனக்கும் பயன்பட்டது. ஒருநாள் இளைஞன் ஒருவன் வந்தான். தலைமையாசிரியருக்குத் தான் மருமகன் முறை என்றான், கடிதங்களைக் கேட்டான், நொத்தாரிசின் கடிதத்தை இரண்டு முறை கேட்டான். உரியவர் இல்லாத காணிகளுக்குக் கள்ள உறுதி பிறப்பது நம்மூரில் அறியாத செய்தியன்று. நான் கிணற்றடிப் பக்கம் பார்த்து, "மாமா வைத்த மரம் இவ்வருடமும் நன்றாய்க் காய்த்திருக்கிறது" என்றேன். "ஓம், நல்ல தேங்காய்" என்றான் அவன். அங்கே நின்றது கறுத்தக்கொழும்பான் மாமரம். மாமாவின் கையெழுத்தோடு வரும்படி சொன்னேன். பிறகு அவன் வரவில்லை. நொத்தாரிசின் கடிதத்தை அன்றே தபாற் கந்தோருக்குக் கொண்டுபோய்த் திருப்பினேன்.

அந்த ஏழிலே திருப்ப மனம் வராதது ஒன்றுண்டு. அச்சிட்ட பொருளாகையால் வாய் ஒட்டாமல் அனுப்பப்பட்ட உறை. உள்ளே ஒரு கல்வெட்டு. இழுத்துப் பார்க்க வேண்டியதில்லை. அட்டையும் படமும் பெயரும் வெளியே நீண்டிருந்தன. பெயரின் கீழே பிறந்த ஊரும் தந்தையார் பெயரும். தந்தையார் பெயர், தலைமையாசிரியரின் தந்தையார் பெயரே. அவருடைய தமக்கையார் இறந்துவிட்டார்! முப்பத்தோராம் நாளும் கழிந்துவிட்டது. உடன்பிறந்தவர் அறியாத மரணத்தை அயலானாகிய நான் அறிந்திருந்தேன். கல்வெட்டுப் பாடிக் கொடுப்பது எங்கள் பண்டித வர்க்கத்தின் தொழில்களில் ஒன்று. நானும் பாடியிருக்கிறேன். அது யார் கைக்குப் போகும் என்று அதற்கு முன் நான் நினைத்ததில்லை.

விலாசம் கிடைத்தது கோயிலில். மனிதர் ஊரை விட்டுப் போனாலும் திருவிழா உபயத்தை விடுவதில்லை. ஆறாம் திருவிழாவுக்கு அவர் கனடாவிலிருந்து காசு அனுப்புகிறார் என்று கோயில் முகாமையாளர் சொன்னார். விலாசத்தை என்னிடம் தரவில்லை. கடிதத்தைத் தாருங்கள், நானே எழுதுகிறேன் என்றார். அவர் செய்ததே சரி. கல்வெட்டோடு, நான் இன்னார், இது இவ்வாறு வந்தது என்று நான்கு வரி எழுதி வைத்தேன்.

நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது. செய்தி எட்டிய அன்றே தலை முழுகியதாகவும், அங்கே பனி பெய்துகொண்டிருந்ததாகவும் எழுதியிருந்தார். தமக்கையார் தமக்கு ஏடு தொடக்கி வைத்தவர் என்றும் எழுதியிருந்தார். நன்றி என்ற சொல் கடிதத்தில் இல்லை. இறுதியில், மாமரத்தின் கிழக்குக் கிளை பட்டுவிட்டதா என்று ஒரு கேள்வி.

உறையின் மேல் என் பெயரை எழுதி, அதன் கீழே 'மேற்பார்வை' என்று தம் பெயரையும் எழுதியிருந்தார். தபாற்காரர் தடுமாறாமல் கொண்டுவந்து தந்தார். கிழக்குக் கிளை பட்டுப்போனது மெய்தான். மற்றக் கிளைகள் காய்க்கின்றன என்று அன்றிரவே பதில் எழுதினேன்.