பீட்டா செல்லின் பொட்டாசியம் வாயில்

கணையத்தின் பீட்டா செல்கள் இன்சுலினைத் தயாரித்துச் சிறு பைகளில் சேர்த்து வைக்கின்றன. அதை எப்போது வெளியே விடுவது என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது, செல் சவ்வில் பொட்டாசியம் அயனிகள் வெளியேறும் ஒரு வாயில் ஆகும். கிர்6.2, எஸ்யுஆர்1 என்னும் இரு புரதங்கள், வகைக்கு நான்காகச் சேர்ந்து இவ்வாயிலை அமைக்கின்றன. உணவுக்குப் பின் செல்லுக்குள் குளுக்கோசு எரிந்து ஏ.டி.பி. பெருகும்போது வாயில் மூடிக்கொள்கிறது. பொட்டாசியம் வெளியேற முடியாமல் சவ்வின் மின்னழுத்தம் மாறுகிறது. கால்சியம் உள்ளே பாய்கிறது. பைகள் சவ்வோடு இணைந்து திறக்க, இன்சுலின் இரத்தத்தில் கலக்கிறது.

கிர்6.2 புரதத்துக்கான மரபணுவில் ஏற்படும் சில பிறழ்வுகள் வாயிலை மூடவிடுவதில்லை. இன்சுலின் இருந்தும் வெளிவராது. பெரும்பாலும் பிறந்த ஆறு மாதங்களுக்குள் குழந்தைக்கு நீரிழிவு தோன்றும். 2004இல் இக்காரணம் கண்டறியப்படும் வரை, இவர்களுக்கு வாழ்நாள் முழுதும் ஊசி என்பதே நிலை. ஆனால் இரண்டாம் வகை நீரிழிவுக்கு நெடுங்காலமாகத் தரப்படும் மலிவான கிளிபென்கிளமைடு மாத்திரை, எஸ்யுஆர்1 புரதத்தைப் பற்றி வாயிலை மூடச் செய்கிறது. 2006இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், இப்பிறழ்வு கொண்ட 49 பேரில் 44 பேர் ஊசியை விட்டு இவ்வகை மாத்திரைகளுக்கு மாறினர்.

தமிழ்நாட்டில் சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை இதற்கான மரபணுச் சோதனையைச் செய்துவருகிறது. ஆறு மாதத்துக்கு முன் நீரிழிவு வந்தவர் எவரும், இப்போது வயது எதுவானாலும், இச்சோதனை செய்துகொள்ள வேண்டும். முடிவு தெரியாமல் ஊசியை நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. பிறழ்வு இன்சுலின் மரபணுவிலேயே இருந்தால் மாத்திரையால் பயனில்லை.